புயல் கரையைக் கடந்தது ஓரிடம், வீடு போனது வேறிடம்

2024 அக்டோபர் 9ஆம் தேதி இரவு எட்டரை மணி வாக்கில், மில்டன் புயலின் கண் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் சரசோட்டாவை ஒட்டிய சியெஸ்டா கீ என்ற இடத்தில் கரையைக் கடந்தது. தொலைக்காட்சி கேமராக்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் நின்றன. அதில் தப்பில்லை. இரண்டு நாள் முன்பு மெக்சிகோ வளைகுடாவில் மணிக்கு 180 மைல், அதாவது கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்ற புயல் அது. ஆனால் கண் கரையைத் தொடுவதற்கு முன்பே, வெளிச்சம் மிச்சமிருந்த மாலையில், மாநிலத்தின் மறுபக்கத்தில் ஆறு பேர் இறந்துபோயிருந்தார்கள். அட்லாண்டிக் கரையில் ஃபோர்ட் பியர்ஸ் நகரை ஒட்டி ஸ்பானிஷ் லேக்ஸ் என்ற ஓய்வுபெற்றவர்களின் குடியிருப்பு இருக்கிறது. சியெஸ்டா கீயிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அங்கே வந்தது புயலின் கண் அல்ல, புயல் பெற்றுப்போட்ட டொர்னேடோ, அதாவது இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கும் சுழற்காற்று.

அன்று ஒரே நாளில் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை ஃப்ளோரிடாவுக்குள் 126 டொர்னேடோ எச்சரிக்கைகளை விடுத்தது. பின்னர் களத்தில் போய்ப் பார்த்து உறுதிசெய்யப்பட்டவை நாற்பதுக்கு மேல். அவற்றில் சில இஎஃப்-3 வகை. அப்படியென்றால் காற்றின் வேகம் மணிக்கு 136 மைலிலிருந்து 165 மைல் வரை.

புயல் என்றால் அது கரையைக் கடக்கும் ஊர்தான் பாடுபடும் என்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். காரணம் அவ்வளவு சிக்கலானதல்ல. புயலின் வெளிவட்டம் நிலத்தின் மேல் வரும்போது, தரையை ஒட்டிய காற்று மரம், வீடு எல்லாவற்றிலும் உராய்ந்து வேகம் குறைகிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று அதே வேகத்தில், சற்றே வேறு திசையில் பாய்கிறது. இரண்டு உள்ளங்கைக்கு நடுவே பென்சிலை வைத்து உருட்டினால் என்ன ஆகுமோ, அதுவே இடையில் மாட்டிய காற்றுக்கும் ஆகிறது. படுக்கை வாக்கில் சுழலும் அந்தக் காற்றை ஓர் இடிமேகம் மேல்நோக்கி உறிஞ்சினால் சுழல் செங்குத்தாக நிமிர்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, புயல் நகரும் திசைக்கு வலது முன்பக்கத்தில் இந்த ஏற்பாடு மிக நன்றாக அமையும். மில்டன் கிழக்கு வடகிழக்காக நகர்ந்தது. ஃபோர்ட் பியர்ஸ் அந்த வலது முன்பக்கத்தில் இருந்தது.

புயலோடு வரும் டொர்னேடோக்கள் பொதுவாகச் சிறியவை. தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்துவிடும். புயலுக்குள் எங்கும் மழையும் மேகமுமாக இருப்பதால், இடிமேகம் பெரிதாக வளரத் தேவையான சூடு தரையில் சேராது. மில்டன் வந்தபோது அப்படி இல்லை. வறண்ட காற்று உள்ளே புகுந்து மேகத்தைக் கலைத்தது, வெயில் விழுந்தது, நிலம் சூடானது. மேலே வேகமான காற்றோட்டமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் நடுச் சமவெளியில் வசந்தகாலத்தில் உருவாகும் வகை இடிமேகங்கள் தெற்கு ஃப்ளோரிடாவில் தனித்தனியாக எழும்பி நின்றன. வெயிலைப் பார்த்து, புயல் வர இன்னும் நேரமிருக்கிறது என்று நினைத்த ஊர்களுக்கு அந்த வெயிலே வினையானது.

இன்னொரு சங்கடமும் உண்டு. புயலுக்கு முன் மக்களை வெளியேறச் சொல்ல ஃப்ளோரிடா வைத்திருக்கும் மண்டலங்கள் கடல்நீர் எவ்வளவு தூரம் ஏறும் என்ற கணக்கை வைத்து வரையப்பட்டவை. தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள் என்பது அங்கே பல காலமாகச் சொல்லப்படும் பாடம். டொர்னேடோவுக்கு அந்த வரைபடத்தில் இடமில்லை. அது எந்தத் தெருவில் இறங்கும் என்று முந்தைய நாள் யாராலும் சொல்ல முடியாது. கிடைக்கும் அவகாசம் நிமிடக்கணக்குதான். அதற்குள் புயலுக்காக ஜன்னல்களைப் பலகையால் அடைத்திருப்பார்கள். வெளியே எதுவும் தெரியாது. கைபேசி மட்டும் மதியம் முழுக்க அலறிக்கொண்டே இருக்கும். நான்காவது முறை அலறும்போது எத்தனை பேர் எழுந்து, ஒளிந்துகொள்ளச் சொல்லப்படும் ஜன்னலில்லாத குளியலறைக்குள் போயிருப்பார்கள்?

சரி, அந்த மாலை முடிந்தது. அதன் பிறகு வருவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புயலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மறுநாள் வரும் எண்ணிக்கையை நாம் பெரிதாக நினைக்கிறோம். உண்மையில் அது முதல் பக்கம் மட்டும்தான்.

2017இல் மரியா புயல் தாக்கியபோது, அமெரிக்காவின் கரீபியத் தீவான பியூர்டோ ரிக்கோவின் அரசு முதலில் சொன்ன கணக்கு 64 பேர். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குப் பிறகு, அடுத்த ஆண்டு அதே அரசு 2,975 என்று திருத்திக்கொண்டது. மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமல், மருந்து கிடைக்காமல், டயாலிசிஸ் நின்றுபோய் இறந்தவர்கள் முதல் கணக்கில் வரவே இல்லை. மில்டன் வந்த அதே மாதத்தில் ரேச்சல் யங், சாலமன் ஷியாங் இருவரும் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவைத் தாக்கிய ஒரு சராசரிப் புயலுக்கு அரசுக் கணக்கில் 24 மரணம் என்றால், அடுத்த 15 ஆண்டுகளில் அந்தப் பகுதியில் வழக்கத்தைவிட 7,000 முதல் 11,000 மரணங்கள் கூடுதலாக நிகழ்கின்றன என்பது அவர்களின் மதிப்பீடு. புள்ளியியல் மதிப்பீடு என்பதால் ஒவ்வொரு மரணத்தையும் காட்டி இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சேமிப்பு கரைவது, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவது, வேலை போய் ஊர் மாறுவது என்று அவர்கள் ஊகிக்கும் வழிகள் எல்லாம் புயலுக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு நம்பும்படியாகவே இருக்கும்.

முதல் வாரத்தில் ஆளைக் கொல்பவை ஏறக்குறைய எல்லாமே தவிர்க்கக்கூடியவை. மில்டனால் 30 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வெளியே வரும். மழை பெய்கிறது, திருடு போய்விடும் என்று அதை கராஜிலோ தாழ்வாரத்திலோ வைத்து ஓட்டுவார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கப் போன குடும்பம் எழுந்திருக்காது. 2020இல் லாரா புயல் தாக்கிய லூசியானாவில் காற்றும் தண்ணீரும் கொன்றவர்களைவிட ஜெனரேட்டர் புகை கொன்றவர்கள் அதிகம். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாயை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்பது விதி. கராஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பது பேராபத்தான நம்பிக்கை.

அடுத்தது சூடு. ஃப்ளோரிடாவின் முதியவர்களுக்கு ஏசி ஆடம்பரம் அல்ல. 2017இல் இர்மா புயலுக்குப் பிறகு ஹாலிவுட் என்ற நகரத்தில் (திரைப்பட ஹாலிவுட் அல்ல, மயாமிக்கு வடக்கே உள்ளது) ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஏசி நின்று 12 பேர் இறந்தார்கள். எதிரிலேயே மின்சாரத்தோடு இயங்கிய மருத்துவமனை இருந்தது என்பதுதான் யாராலும் ஜீரணிக்க முடியாத விஷயம். அதற்குப் பிறகே, இப்படிப்பட்ட இல்லங்களில் ஜெனரேட்டரும் 96 மணி நேரம் குளிர்ச்சியாக வைத்திருக்கும் ஏற்பாடும் வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. சொந்த வீட்டில் தனியாக வசிக்கும் முதியவருக்கு அந்தச் சட்டம் எதுவும் செய்யாது. அக்கம்பக்கத்தார் போய்க் கதவைத் தட்டிப் பார்ப்பதுதான் அவருக்குள்ள ஒரே ஏற்பாடு.

மற்றபடி ஏணி, கூரை, செயின் சா எனப்படும் மரம் அறுக்கும் இயந்திரம். வாழ்நாளில் அதைத் தொடாதவர்கள் அன்று எடுத்து வேலை செய்வார்கள். காயங்கள் வரிசையாக வரும்.

இனி வீடு. டொர்னேடோ அடித்த குடும்பமும் கடல்நீர் புகுந்த குடும்பமும் இங்கேதான் பிரிந்து போகின்றன. ஒரே புயல்தான் இரண்டையும் செய்தது, ஆனால் காகிதத்தில் அவை வேறு வேறு.

அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு காற்றால் வரும் சேதத்தைத் தரும், வெள்ளத்தைத் தராது. வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும். பெரும்பாலும் அது 1968இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தின் வழியாக வருவது. கட்டடத்துக்கு 2,50,000 டாலர், பொருள்களுக்கு 1,00,000 டாலர் என்று உச்சவரம்பு உண்டு. வெள்ளக் காப்பீடு இல்லாத வீடுகள்தான் அதிகம். அதனால் தண்ணீர் நுழைந்ததா காற்று பிய்த்ததா என்ற கேள்விக்குப் பணமதிப்பு வந்துவிடுகிறது. 2005இல் கத்ரீனாவுக்குப் பிறகு மிசிசிப்பிக் கரையில் அடித்தளக் கான்கிரீட் தவிர எதுவும் மிஞ்சாத வீடுகளுக்கு, முதலில் வந்தது காற்றா தண்ணீரா என்று நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் வாதாடினார்கள்.

டொர்னேடோவில் வீடு இழந்தவருக்கு இந்தத் தகராறு இல்லை. சந்தேகமில்லாமல் காற்றுதான். ஆகவே அவர் தப்பித்தார் என்று நினைக்கலாம். அங்கேதான் ஃப்ளோரிடாவின் ஒரு சட்டப்பிரிவு குறுக்கே வருகிறது. வீட்டுக் காப்பீட்டில் டிடக்டிபிள் உண்டு, அதாவது முதலில் நம் கையிலிருந்து போட வேண்டிய தொகை. தீ, திருட்டு போன்றவற்றுக்கு அது ஆயிரம், இரண்டாயிரம் டாலராக இருக்கும். புயலுக்கு மட்டும் தனி டிடக்டிபிள். பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 2, 5 அல்லது 10 சதவீதம். நான்கு லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் 8,000. 5 சதவீதம் என்றால் 20,000. புயலால் உண்டான டொர்னேடோவும் புயல் சேதம்தான் என்று அந்த மாநிலச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. மாநிலத்தில் எங்காவது புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்ட நேரத்திலிருந்து, கடைசி எச்சரிக்கை விலக்கப்பட்டு 72 மணி நேரம் வரை இந்தக் கணக்கு ஓடும்.

ஏப்ரல் மாதத்தில் சாதாரண இடிமழையில் வந்த டொர்னேடோ கூரையைப் பெயர்த்தால் சிறிய டிடக்டிபிள். அக்டோபரில் மில்டனோடு வந்த டொர்னேடோ அதே கூரையை அதேபோல் பெயர்த்தால் பெரியது. புயலின் கண் 200 கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தாலும் சரி. சட்டத்தின் பார்வையில் இது தர்க்கமான ஏற்பாடுதான். ஒரே நாளில் லட்சக்கணக்கான கிளெய்ம் வரும் நிகழ்வில், சிறியவற்றை வீட்டுக்காரர் தலையில் வைக்காவிட்டால் நிறுவனங்கள் தாங்காது. 1992இல் ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு பல நிறுவனங்கள் நொடித்தே போயின. ஆனால் பாலிசியின் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் அந்தச் சதவீதத்தைப் பெரும்பாலோர் முதல் முறையாகக் கவனிப்பது கூரை போன பிறகுதான் என்பதும் உண்மை. கிளெய்மைத் தெரிவிக்க இப்போது ஓராண்டுதான் அவகாசம், 2022 இறுதியில் வந்த திருத்தம் அது. முன்பு இரண்டு ஆண்டுகள் இருந்தன.

மொபைல் ஹோம் வைத்திருப்பவர்கள் கதை இன்னும் கடினம். ஸ்பானிஷ் லேக்ஸில் இருந்தவை அந்த வகை வீடுகள்தான். தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைப்பவை. பேர்தான் மொபைல், வைத்த பிறகு யாரும் நகர்த்துவதில்லை. இப்படிப்பட்ட குடியிருப்புகளில் வீடு ஒருவருக்குச் சொந்தம், அடியில் உள்ள நிலம் இன்னொருவருடையது. நிலத்துக்கு மாத வாடகை. வீடு பறந்துபோனால் கையில் இருப்பது ஒரு வாடகை ஒப்பந்தம் மட்டும். அடுத்த வீட்டை அங்கே வைக்க முடியுமா, எந்த வாடகைக்கு, எந்த விதியின்படி என்பதெல்லாம் நிலக்காரர் கையில். பழைய மொபைல் ஹோமுக்குக் காப்பீடு கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் விலை அதிகம். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் பலர் காப்பீடே எடுப்பதில்லை.

ஆண்ட்ரூவுக்குப் பிறகு, 1994இல், இந்த வீடுகளுக்கான மத்திய அரசின் காற்றுத் தரம் கடுமையாக்கப்பட்டது. அதன் மிக உறுதியான பிரிவே மணிக்கு 110 மைல் காற்றைக் கணக்கில் வைத்தது. ஃபோர்ட் பியர்ஸில் இறங்கியது மேலே சொன்ன இஎஃப்-3 வகை, அதைவிட எவ்வளவோ வலுவானது. ஆக அங்கே வீட்டுக்குள் பாதுகாப்பான அறை என்று ஒன்று கிடையாது. குளியலறைக்குள் போ என்ற அறிவுரை கட்டடத்தில் இருப்பவர்களுக்கானது.

அரசு உதவியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த அக்டோபரில் அதைச் சுற்றிப் பொய்கள் நிறையப் பரவின. மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமா மொத்தமே 750 டாலர்தான் தரும், வாங்கினால் வீட்டைப் பிடுங்கிக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னார்கள். அந்தத் தொகை சாப்பாடு, தண்ணீர், குழந்தைப் பால்மாவு போன்ற அவசரத் தேவைக்கான முதல் பணம். அந்த அக்டோபர் முதல் அது 770 டாலராக உயர்ந்திருந்தது. வீட்டுச் சேதத்துக்கு அதற்கு மேல் தனி உதவி உண்டு, மில்டனுக்கு உச்சவரம்பு 43,600 டாலர். திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் உச்சவரம்பு வரை கிடைப்பவர்கள் குறைவு. காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு தருகிறது, எதை மறுக்கிறது என்ற கடிதம் இல்லாமல் ஃபெமாவின் கோப்பு நகராது. முதல் பதில் மறுப்பாக வந்தால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பல நேரம் அந்த மறுப்புக்குக் காரணம் ஏதோ ஒரு காகிதம் குறைவதுதான். மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. குறைந்த வட்டியில் பேரிடர்க் கடன் தரும் சிறுதொழில் நிர்வாகம் என்ற மத்திய அரசு அமைப்பிடம் அந்த அக்டோபர் நடுவிலேயே பணம் தீர்ந்துபோனது. ஹெலீன் புயலுக்கும் மில்டனுக்கும் சேர்த்து விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. டிசம்பரில் நாடாளுமன்றம் நிதி ஒதுக்கும் வரை அவை காத்திருந்தன.

ஹெலீன் என்று சொன்னதும் குப்பையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. செப்டம்பர் 26ஆம் தேதி ஹெலீன் வந்துபோனபின், தாம்பா வளைகுடாப் பகுதியில் நனைந்த சோபா, மெத்தை, சுவர்ப்பலகை எல்லாம் வீட்டு வாசலில் மலையாகக் கிடந்தன. 13 நாளில் மில்டன். அவ்வளவும் காற்றில் பறக்கும் ஆயுதமாகிவிடும் என்ற பயத்தில் இரவுபகலாக லாரிகள் ஓடின. பூட்டியிருந்த ஒரு குப்பைக் கிடங்கின் கதவை மாநிலக் காவல்துறையினரே பிடுங்கித் திறந்த சம்பவமும் நடந்தது. டொர்னேடோ விட்டுச்செல்லும் குப்பை வேறு வகை. வெள்ளம் உங்கள் பொருளைக் கெடுத்து உங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும். டொர்னேடோ உங்கள் பொருளை அடுத்த ஊரில் போட்டு, யாருடைய தகரத்தையோ உங்கள் வாசலில் போடும். அள்ளுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மரக்கிளை, கட்டடக் கழிவு, ஃபிரிட்ஜ் போன்றவை, பெயின்ட் போன்ற ரசாயனங்கள் என்று தனித்தனியாகக் குவிக்காவிட்டால் லாரி தொடாமல் போய்விடும்.

கூரை பாதி நின்ற வீடுகளுக்கு ராணுவப் பொறியாளர் படை இலவசமாக நீலத் தார்ப்பாய் போட்டுத் தருகிறது. கீழே கூரையின் மரச்சட்டகம் உறுதியாக இருந்தால்தான் அதுவும். தாமதிக்க முடியாத வேலை அது. நனைந்த சுவரில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். அதற்குள் வாசலில் வந்து நிற்பவர் வெளிமாநில நம்பர் வண்டியில் வந்த காண்ட்ராக்டர். இப்போதே முன்பணம் கொடுங்கள், காப்பீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். காப்பீட்டு உரிமையையே காண்ட்ராக்டருக்கு எழுதிக்கொடுக்கும் பழைய வழக்கத்தை ஃப்ளோரிடா 2023 முதல் எடுக்கும் பாலிசிகளுக்குத் தடைசெய்துவிட்டது. முன்பணத்தோடு காணாமல் போகிறவர்களை எந்தச் சட்டமும் முழுதாக நிறுத்தியதில்லை.

மனத்தைப் பற்றி ஒன்று. புயலுக்கு நாள்கணக்கில் தயாராகலாம். அதில் ஒரு கட்டுப்பாட்டு உணர்வாவது மிஞ்சும். டொர்னேடோ அப்படியல்ல. எதிர்வீடு நிற்கிறது, என் வீடு இல்லை என்ற தற்செயலோடு வாழ வேண்டும். நிற்கிற வீட்டுக்காரருக்கும் அது சுலபமில்லை. கைபேசி எச்சரிக்கையின் அந்தக் குறிப்பிட்ட ஒலி கேட்டாலே குழந்தைகள் நடுங்குவது பல மாதம் நீடிக்கும். பள்ளி சீக்கிரம் திறப்பதும், நண்பர்கள் கண்ணில் படுவதும், வீட்டில் சொன்ன நேரத்தில் சாப்பாடு வருவதும் அவர்களுக்குக் கைகொடுக்கும். திரும்பத் திரும்ப ஓடும் காணொளிகள் கெடுக்கும். பெரியவர்கள் பெரும்பாலும் படிவங்களில் மூழ்கிவிடுகிறார்கள். சோர்வு வெளிப்படுவது அவை முடிந்த பிறகுதான்.

மின்னசோட்டா மாநிலத்தில் 1988 மார்ச்சுக்குப் பிறகு உரிமம் பெற்ற, பத்து வீடோ அதற்கு மேலோ உள்ள மொபைல் ஹோம் குடியிருப்புகளில் எல்லோருக்கும் பொதுவான ஒரு காப்பறை இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. டொர்னேடோ தெருவுக்கு வர ஐந்து நிமிடம் இருக்கும்போது பத்து மைல் தள்ளியுள்ள பள்ளிக்கூட முகாம் பயன்படாது, நடந்து போகும் தூரத்தில் ஒரு கான்கிரீட் அறை பயன்படும். அழிந்த குடியிருப்பில் புது வீடுகளை வைக்க அனுமதி கேட்டு வரும்போதுதான் உள்ளூர் நிர்வாகத்துக்கு இதைக் கேட்கும் பலம் கையில் இருக்கும். அப்போது கேட்காவிட்டால் இன்னும் முப்பது வருடத்துக்குக் கேட்க வாய்ப்பில்லை.